ஒரு கரண்டிக்குப் பதினைந்து

ஜனவரி 11

கண்ணாடிக்காரிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனி எழுதுங்கள் என்று நீ சொல்லிவிட்டாய். மகளும், "எனக்கு வீட்டுல ஆயிரம் வேலை இருக்கு, உங்க தூதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று கழன்றுகொண்டாள். சரி, எழுதுகிறேன். எழுதினால் பாதி வரியிலேயே கோபம் ஆறிவிடுகிறது. கை வலிதான் மிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ரத்தம் பார்த்தேன். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினான்கு. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு. டாக்டர் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா ஏழரையத் தாண்டாத ஆளு நீங்க. இப்ப என்ன புதுசா சாப்பிடறீங்க?" என்றார். "வழக்கம்போலத்தான்" என்றேன். "சமையல் யாரு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். வேளைக்கு நாற்பத்தைந்து கிராம் மாவுச்சத்து, அதற்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது. சோற்றைப் பார்த்தால் எனக்குச் சோறுதான் தெரிகிறது. அதில் எங்கே கிராமைத் தேடுவது? நீ எனக்கு என்ன போட்டாய், எவ்வளவு போட்டாய் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தட்டு வரும், சாப்பிடுவேன். அவ்வளவுதான் தெரியும்.

மே மாதம் இருபத்தெட்டாம் தேதி டிப்போவில் உடல் தகுதிப் பரிசோதனை. சராசரி எட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். ஷெட்டில் உட்கார்ந்து டயருக்குக் காற்றடிக்க வேண்டியதுதான். இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவன், அங்கே உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் வண்டி வெளியே போவதைப் பார்க்க வேண்டும்.

நீ எப்போது வருகிறாய்? மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது "கொஞ்ச நாள்" என்றாய். ஐந்து மாதமாகிறது. பரிசோதனை முடியும்வரையாவது வந்து இரு. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. குளியலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது.

இப்படிக்கு,
வண்டிக்காரன்


ஜனவரி 25

வண்டிக்காரருக்கு,

கடிதம் வந்து எட்டு நாளாகிவிட்டது. எழுதக் கூடாதென்று இல்லை. வேலை விட்டு வந்து இரண்டு மாடி ஏறி, செருப்பைக் கழற்றினால் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்து விளக்கைப் போட ஒரு மணி நேரமாகிறது. இன்றைக்கு விடுமுறை. காலையிலேயே காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்துவிட்டேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். இப்போது வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. கிளம்பும் அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். நீங்கள் "யாரு என்ன சொன்னாங்க, நான் என்ன பண்ணேன்" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் ஒன்றும் பண்ணவில்லை. அந்த வீட்டில் கண்ணைத் திறந்தாலே களைப்பாக இருந்தது. இங்கே வந்தால் சரியாகும் என்று நினைத்தேன். இன்னும் ஆகவில்லை. சேர்த்துவைத்த களைப்பு, மெதுவாகத்தான் போகும் போலிருக்கிறது.

இரண்டாவது, மாவுச்சத்து. அந்தத் தாள் ஒன்றும் புதிதில்லை. உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மா நம் இருவரையும் உட்கார வைத்து இதையேதான் சொன்னார். ஆரம்பித்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். "வண்டி வெயில்ல நிக்குது, நீ கேட்டுக்கோ" என்று எழுந்து போய்விட்டீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பதினைந்து பதினைந்தாகப் பார்க்கப் பழகுங்கள். ஒரு கரண்டி சோறு பதினைந்து. ஒரு துண்டு ரொட்டி பதினைந்து. முட்டை அளவு உருளைக்கிழங்கு பதினைந்து. பாதி வாழைப்பழம் பதினைந்து. சின்னக் கிண்ணத்தில் பருப்பு, அதுவும் பதினைந்து. வேளைக்கு மூன்று பதினைந்துதான் உங்களுக்கு. இரண்டு கரண்டி சோறு, ஒரு கிண்ணம் பருப்பு என்றால் கணக்கு முடிந்தது. பசித்தால் காயையும் கீரையையும் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், முட்டை சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கைக் காய் என்று சொல்லி என்னை ஏமாற்றியதுபோல டாக்டரை ஏமாற்றாதீர்கள். பிஸ்கட்டில் சர்க்கரை இல்லை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அதில் மாவு இருக்கிறது. மூன்று பிஸ்கட் பதினைந்து.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. உங்கள் கணையம் பாதி வேலையை நிறுத்திக்கொண்டது. மீதி வேலையை இத்தனை வருஷம் நான் பார்த்திருக்கிறேன். அதிலும் லீவு கிடையாது.

குழாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். கடையில் சொன்னால் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


பிப்ரவரி 21

கண்ணாடிக்காரிக்கு,

ரப்பர் வளையம் மாற்றினேன். குழாய் நின்றுவிட்டது. சர்க்கரை நிற்கவில்லை.

நீ எழுதியதை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து அப்படியே செய்தேன். இரண்டு கரண்டி, ஒரு கிண்ணம். மூன்றாவது கரண்டியைத் தொடவில்லை. விசில் என் டிபன் டப்பாவில் கையை விட்டபோது, "டேய், அது மருந்துடா" என்று தட்டிவிட்டேன். (விசில் என் வண்டியின் புதுக் கண்டக்டர். நீ போன பிறகு வந்தவன். வாயில் விசில் இல்லாத நேரம் பேச்சு.) பிஸ்கட்டை நிறுத்தி மூன்று வாரமாகிறது. டிப்போ கேன்டீன் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம். உனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்து, நேற்றுப் பார்த்தால் வெறும் வயிற்றில் இருநூற்று முப்பத்தெட்டு. ஏறியிருக்கிறது.

வண்டியில் வரும்போது விசிலிடம் சொன்னேன். அவன் டிக்கெட் கட்டைச் சரிசெய்துகொண்டே, "அண்ணே, அண்ணி வேணும்னேதான் கூட்டி எழுதியிருப்பாங்க. நான் அண்ணியா இருந்தா நாலு கரண்டின்னு எழுதியிருப்பேன்" என்றான். அதட்டினேன். ஆனாலும் அன்றைக்குப் பூராவும் ஒவ்வொரு வளைவிலும் அது மனதில் வந்துகொண்டே இருந்தது.

மனதில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. அதனால் கேட்டுவிடுகிறேன். உண்மையிலேயே எனக்கு இரண்டு கரண்டிதான் போட்டாயா? இல்லை, என் மேல் இருக்கும் ஏதோ ஒன்றை இப்படித் தீர்த்துக்கொள்கிறாயா? பரிசோதனைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

வண்டிக்காரன்


பிப்ரவரி 28

வண்டிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டேன். உங்களைப் பழிவாங்க நினைத்திருந்தால் பதினெட்டு வருஷம் எதற்கு? ஒரு பண்டிகை வாரம் போதும், இரண்டு டப்பா இனிப்பை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த விசில் பையனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ஆகியிருந்தால் இப்படிப் பேசமாட்டான்.

காலையில் எழுந்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு மதியத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தக் கரண்டியால் போடுகிறீர்கள்?

நான் வரும்போது பாத்திரம் இரண்டு மூன்று எடுத்துக்கொண்டேன் இல்லையா, அதோடு நம் பழைய அலுமினியக் கரண்டியும் வந்துவிட்டது. அடியில் நசுங்கி, ஆழமே இல்லாமல் இருக்குமே, அதுதான். எனக்குக் கரண்டி என்றால் அது ஒன்றுதான். அதை மனதில் வைத்துத்தான் எழுதினேன். நீங்கள் புதிதாக ஒன்று வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றவே இல்லை.

இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் தண்ணீர் பிடித்து, என் கரண்டியை அளந்து பார்த்தேன். ஆறு மூடி கொள்கிறது. ஒரு மூடி பத்து மில்லி. உங்களுடையதையும் இதேபோல அளந்து எழுதுங்கள்.

அளந்த பிறகு எனக்கு மன்னிப்பும் எழுதலாம். கட்டாயமில்லை.

கண்ணாடிக்காரி


மார்ச் 12

கண்ணாடிக்காரிக்கு,

பதினைந்து மூடி.

இரண்டு தடவை அளந்தேன். தண்ணீர் தப்பு செய்யவில்லை. கடைக்காரன் "குடும்பத்துக்கு ஏத்த சைஸ் சார்" என்று சொல்லித்தான் விற்றான். அதிலும் நான் தட்டையாகப் போடவில்லை. இரண்டே கரண்டி என்று சொல்லிவிட்டாளே என்ற ஆத்திரத்தில் அமுக்கி அமுக்கிக் கோபுரமாக வைத்தேன். ஒரு மாதமாக ஆறு கரண்டி சோற்றை இரண்டு கரண்டி என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன். விசிலிடம் சொன்னேன். வண்டி நின்றபிறகும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீ சொன்னது சரி.

மன்னிப்பு எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. அதை வேறொருவன் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது அதைவிடத் தப்பு.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டேன். உன் கரண்டியால் ஒரு கரண்டி சோறு ஐம்பது கிராம் வரும் என்று டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். வேளைக்கு நூறு கிராம் வைக்கிறேன். தட்டில் பார்த்தால் யாரோ சாப்பிட்டு எழுந்தது போல இருக்கிறது. காயைச் சுற்றிலும் அடுக்கி அந்த வெறுமையை மறைக்கிறேன். சொன்னால் நம்பமாட்டாய், ஒரே வாரத்தில் வெறும் வயிற்றில் நூற்று அறுபது.

தராசு வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் நிறுக்கத் தோன்றுகிறது. முந்தாநாள் நீ எப்போதும் செய்வதுபோல ஒரு டம்ளர் அரிசியை அதே பானையில் போட்டு வடித்து, மொத்தத்தையும் நிறுத்தேன். நானூற்று எண்பது கிராம். என் பங்கு நூறு. மீதி முந்நூற்று எண்பது.

அந்த முந்நூற்று எண்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சாப்பிட உட்காரும்போது பானை நிறைந்திருக்கும். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம் என்று நான் எழுந்து போய்ப் பார்க்கும்போது பானை கழுவிக் கவிழ்த்திருக்கும். அதுவும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக உன்னிடம் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். நம் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. சோற்றைக் குப்பையில் போட உனக்குக் கை வராது.

அவ்வளவையும் நீயா சாப்பிட்டாய்?

இன்னொன்றும் கேட்கிறேன். ரத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னுடன் வந்தாய். ஒரு தடவையாவது நீ கையை நீட்டிப் பார்த்தேனா என்று யோசித்தேன். இல்லை. எப்போதாவது பார்த்துக்கொண்டாயா? உடனே எழுது. கடிதம் வேண்டாம் என்றால் போன் செய். சண்டை போடமாட்டேன்.

வண்டிக்காரன்


ஏப்ரல் 19

வண்டிக்காரருக்கு,

போன் அடித்தீர்கள். நான் எடுக்கவில்லை. மகள் மூலமாகவும் கேட்டுவிட்டீர்கள். எழுதிச் சொல்வதுதான் எனக்கு முடியும், அதற்கும் இத்தனை நாள் ஆகிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த மறு வாரம் பட்டறையில் ஒன்று நடந்தது. என் வேலை உங்களுக்குத் தெரியும். தேய்த்து வரும் கண்ணாடிகளை விளக்குக்கு எதிரே பிடித்துக் கீறல், மங்கல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு தட்டு வந்தது, நாற்பது கண்ணாடி. நாற்பதும் மங்கலாக இருந்தது. நாற்பதிலும் சிவப்புப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். தேய்க்கிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தார். எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணாடி நல்லா இருக்கும்மா. உங்க கண்ணுதான் மங்குது. தாகம் எடுக்குதா?" என்று கேட்டார். அவருக்கும் இருக்கிறதாம். அவரே கூட்டிக்கொண்டு போனார்.

சராசரி பதினொன்று புள்ளி இரண்டு. பல வருஷமாக இருந்திருக்கும் என்கிறார்கள்.

ஆமாம், நான்தான் சாப்பிட்டேன். கொஞ்சமாக வடித்தால் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குப் பத்தும்" என்று கேன்டீனுக்குப் போய்விடுவீர்கள். நிறைய வடித்தால் இரண்டாவது தடவை போட்டுக்கொள்வீர்கள். அதனால் நீங்கள் உட்காரும்போது பானை நிறைந்திருக்க வேண்டும், எழுந்து வரும்போது காலியாக இருக்க வேண்டும். நடுவில் நான் இருந்தேன். அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன். உங்களுக்கு யாராவது இனிப்பு கொடுத்தனுப்பினால் நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் அதையும் முடித்துவிடுவேன். நான் ஒல்லி, எனக்கு ஒன்றும் வராது என்ற தைரியம். பதினைந்து பதினைந்தாக உங்களுக்கு எண்ணியவள் எனக்கு எண்ணவில்லை. இதை மேற்பார்வை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

நான் எழுத வந்தது இதுவல்ல. எழுத முடியாமல் இருந்தது வேறு.

டாக்டர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் எழும்போதே களைப்பு இருக்கிறதா? இருக்கிறது. படி ஏறினால் உட்காரத் தோன்றுகிறதா? தோன்றுகிறது. யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? வருகிறது. எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா? நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், இது மருந்தில் சரியாகும் வியாதிதான் என்று ஆறுதல் சொன்னார். நான் அதற்கு அழவில்லை. இதே நான்கையும் சொல்லித்தானே வீட்டை விட்டு வந்தேன். எனக்கு நீங்கள் அலுத்துப்போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். உங்கள் குரல் கேட்டாலே சோர்வாக இருந்தது. அது உங்கள் குரலால்தான் என்று நினைத்தேன்.

இப்போது எனக்குத் தெரியவில்லை. என் களைப்பில் எவ்வளவு நீங்கள், எவ்வளவு சர்க்கரை என்று பிரித்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் பரிசோதனை ஏதும் இல்லை. அதனால் நானே ஒன்று யோசித்திருக்கிறேன். எனக்கு ஆகஸ்ட்வரை நேரம் கொடுங்கள். மாத்திரை போடுகிறேன், உங்களுக்கு எண்ணியதுபோல எனக்கும் எண்ணுகிறேன். சர்க்கரை இறங்கியும் களைப்பு போகவில்லை என்றால், காரணம் நீங்கள்தான். அதைச் சொல்லிவிடுகிறேன். களைப்பு போய்விட்டால் காரணம் சர்க்கரை. அப்போது மாற்றலை ரத்து செய்யச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

அதுவரை வா என்று எழுதாதீர்கள். நீங்கள் இங்கே வரவும் வேண்டாம்.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 27

கண்ணாடிக்காரிக்கு,

நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் பாதி உன்னைத் திட்டியது, மீதி என்னைத் திட்டியது. இரண்டாலும் யாருக்கும் சர்க்கரை இறங்காது.

நீ சொன்னபடியே இருக்கட்டும். வா என்று எழுதமாட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கமாட்டேன். (என் ரூட் அந்தப் பக்கம் வருவதும் இல்லை. ஒன்பது மணி நேரம் பஸ்ஸைக் கடத்திக்கொண்டு வந்தால் டிப்போவில் விடமாட்டார்கள்.)

காலி பானைக்காக உன்னிடம் கத்தியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஒரு நாள் மூடியைத் தூக்கித் தரையில் போட்டேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து வைத்தாய். அன்றைக்கு நீ எதற்கு வாயைத் துடைத்தாய் என்று நான் கேட்கவில்லை. தினமும் இதை நினைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதே. சென்ற பிப்ரவரியில் என் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படிச் செய்ததாக எழுதியிருந்தாய். இனி என் கடிதம் வந்தால் சாப்பிட்ட பிறகு படி.

வண்டிக்காரன்


மே 31

கண்ணாடிக்காரிக்கு,

ஏழு புள்ளி ஏழு. வண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

பரிசோதனை செய்த டாக்டர், "எப்படி இறக்கினீங்க?" என்று கேட்டார். "வீட்டுல சொல்லிக்கொடுத்தாங்க" என்றேன். டிப்போவில் எல்லோரும் கை கொடுத்தார்கள். விசில் இனிப்பு வாங்கி வந்தான். அவன் மூளை அப்படி. அரைத் துண்டு எடுத்து, மதியம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொண்டேன்.

உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். போன் இருக்கிறது, ஆனால் பேச்சு இல்லை என்று ஒத்துக்கொண்டோம். ஆகவே இந்தக் கடிதம் வந்து சேரும்போதுதான் உனக்குத் தெரியப்போகிறது.

உன் சர்க்கரை எண்ணை எழுதத் தோன்றினால் எழுது.

வண்டிக்காரன்


ஜூலை 3

வண்டிக்காரருக்கு,

நல்ல செய்தி. சந்தோஷம்.

எனக்குக் காலையில் நூற்று முப்பத்தொன்று. நேற்றுக் கடையிலிருந்து பையோடு வந்தேன், முதல் மாடியில் நிற்காமல் மேலே வரை ஏறிவிட்டேன். கதவைத் திறந்த பிறகுதான் அது தெரிந்தது.

மற்றதை ஆகஸ்டில் எழுதுகிறேன்.

கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 9

வண்டிக்காரருக்கு,

ஆறு புள்ளி ஒன்பது.

களைப்பு போய்விட்டது. காலையில் அலாரத்துக்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஒரு நாள் வேலை முடிந்து வந்து ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை, தேவையும் இல்லை. கண்ணும் தெளிந்துவிட்டது. நாற்பது கண்ணாடிக்கு ஒன்றோ இரண்டோதான் இப்போது ஒதுக்குகிறேன்.

ஆக, காரணம் சர்க்கரைதான். நீங்கள் இல்லை. இதை எழுதவேண்டும் என்று நான்கு மாதமாக ஆசைப்பட்டேன். உங்களைப் பற்றி மனதில் வைத்திருந்த எத்தனையோ குற்றச்சாட்டு இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. நீங்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சென்ற வாரம் மாற்றலை ரத்து செய்யும் விண்ணப்பத்தை எழுதினேன். மேற்பார்வை அம்மாவின் மேஜைவரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து வெளியே போயிருந்தார். மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாவது நாள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. களைத்துப்போய் வந்தபோது இது ஒளிந்துகொள்ளும் இடமாகத்தான் இருந்தது. இப்போது களைப்பு இல்லை, ஒளிந்துகொள்ளவும் காரணம் இல்லை, ஆனாலும் இருக்கத் தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மேல் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

களைப்பு போனால் வருகிறேன் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சரியில்லை. உடம்பு சரியான பிறகு இப்படித் தோன்றும் என்று தெரியாது. வாக்குத் தவறியவள் என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணுவதை விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 22

கண்ணாடிக்காரிக்கு,

நீ சொன்னபடி சாப்பிட்ட பிறகுதான் படித்தேன். இல்லை, நான்தான் உனக்கு அப்படிச் சொன்னேன். எப்படியோ, சாப்பிட்டுவிட்டேன்.

ஆறு புள்ளி ஒன்பது என்னைவிட நல்ல எண். சந்தோஷமாக இருக்கிறது. இதைச் சும்மா எழுதவில்லை.

ஏப்ரலில் நீ அந்தக் கடிதம் எழுதியதிலிருந்து நான் எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். உனக்குச் சர்க்கரை இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதோடு, களைப்புக்குக் காரணம் நான்தான் என்று நீ எழுதிவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். ஆச்சரியப்படாதே. நான் காரணம் என்றால் என்னிடம் ஏதோ பிசகு இருக்கிறது, அதைச் சரிசெய்துகொண்டு உன்னைக் கூப்பிடலாம். கத்துவதை விட்டிருப்பேன். சமையலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றிருப்பேன், இப்போது எனக்குத் தெரியும். ஒரு பட்டியலே வைத்திருந்தேன். நீ என்மேல் குற்றமே இல்லை என்று எழுதிவிட்டாய். சரிசெய்ய எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வாக்குத் தவறியவள் என்று சொல்லமாட்டேன். அங்கேயே இரு.

இந்த எட்டு மாதத்தில் நீ எழுதியதையெல்லாம் எடுத்துவைத்துப் படித்தேன், நான் எழுதியதையும் நினைத்துப் பார்த்தேன். என் கடிதங்களில் என் சர்க்கரை, என் பரிசோதனை, என் வண்டி. உன் கடிதங்களில் முதலில் என் சர்க்கரை, பிறகு உன் சர்க்கரை. அதைத் தவிர நாம் பேசியது ஒரு குழாய்.

ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். காரணம் எனக்கு வேண்டாம். அங்கே உனக்கு என்னவெல்லாம் பிடித்திருக்கிறது, அதை மட்டும் எழுது. சின்ன விஷயமானாலும் பரவாயில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் நான் உன்னிடம் கேட்காதது அது.

உன் வீட்டுக்காரன்